எல்லப்பன் குடிக்காத சாராயம்

உத்திரமேரூருக்கு மேற்கே ஒரு சிற்றூர். அதன் காலனியில் எல்லப்பனைக் குடிகாரன் என்று சொல்லாதவர்கள் இரண்டே பேர்தான். ஒருவர் சாராயக் கடைக்காரர். தன் கடைப் பக்கமே அவன் வந்ததில்லை என்று அவருக்குத் தெரியும். இன்னொருத்தி அவன் பெண்டாட்டி ஜெயம்மாள். அவளுக்கு என்ன தெரியும் என்பது கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழித்துத்தான் வெளியே வந்தது.

குடிகாரன் என்ற பேரை ஊர் அவனுக்குக் கட்டவில்லை. அவனே தேடிப் போய் வாங்கிக்கொண்டான். இப்படி ஒரு கூத்தை எங்கேயாவது கேட்டிருக்கிறீர்களா? குடித்துவிட்டுக் குடிக்கவில்லை என்று சத்தியம் செய்கிறவர்கள் ஊருக்கு நூறு பேர் இருப்பார்கள். ஒரு சொட்டுகூட நாக்கில் படாமல், மூக்கு முட்டக் குடித்தேன் என்று சொல்லிக்கொண்டு திரிந்தவன் எல்லப்பன் ஒருத்தன்தான். காரணம் இருந்தது. உண்மை அதைவிட மானக்கேடாக இருந்தது அவனுக்கு.

முதல் தடவை நடந்தபோது அவனுக்குப் பதினேழு வயது. எழுபதாம் வருஷம். ஏர் ஓட்டுவான், வரப்பு வெட்டுவான், நாற்றுக் கட்டை ஒற்றை ஆளாகத் தூக்குவான். வீட்டில் அன்றாடம் கேழ்வரகுக் கூழ்தான். நெல்லுச் சோறு என்றால் பொங்கல், தீபாவளி, அதைவிட்டால் ஊருக்குள் பெரிய வீடுகளில் கல்யாணமோ கருமாதியோ வரவேண்டும். நெல்லை நட்டதும் அறுத்ததும் அடித்ததும் இவர்கள்தான், ஆனால் அது களத்திலிருந்து வண்டியேறி எங்கேயோ போய்விடும்.

நிலக்காரர் சடையப்பன் வீட்டில் தங்கைக்குக் கல்யாணம். எல்லாப் பந்தியும் முடிந்து, கூலி ஆட்களைப் பின்கட்டில் வைக்கோல் போர் ஓரமாக உட்காரவைத்து இலை போட்டார்கள். எல்லப்பன் நாலு தரம் சோறு வாங்கினான். வாங்காமல் என்ன செய்வான், பதினேழு வயது வயிறு! தின்றான், வந்தான், படுத்தான். விடியற்காலையில் எழுந்திருக்கப் பார்த்தால் கால் வரவில்லை. கை வரவில்லை. வாய் பேசுகிறது, கண் பார்க்கிறது, கழுத்துக்குக் கீழே யாரோ மூட்டையைக் கட்டிப் போட்ட மாதிரி கிடக்கிறது.

"எய்ந்துருடா, ஏர் கட்டணும்" என்று அவன் அம்மா செங்கேணி காலால் தட்டினாள். பிறகு அலறினாள். வேப்பிலை வந்தது, தண்ணீர் அடித்தார்கள், பூசாரி வந்து இரண்டு சாத்து சாத்தினார். உச்சிப் பொழுதில் கால் விரல் அசைந்தது. சாயங்காலம் எழுந்து நடந்தான். மறுநாள் ஒன்றுமே நடக்காத மாதிரி ஏர் ஓட்டினான்.

ஒன்றுமே நடக்காத மாதிரி அவன் இருந்தால் ஆயிற்றா? ஊர் இருக்கவேண்டாமா? "ஓசி சோறு தின்னுட்டு கை கால் வியுந்துட்ச்சாம்டா!" என்று சிரித்த சிரிப்பு நடவு வயல்வரை கேட்டது. சோத்துமூட்டை என்று பேர் வைத்தார்கள். அடுத்த பந்தியில் அவன் உட்கார்ந்ததும், "சோத்துமூட்டைக்கு இன்னொரு கரண்டி போடுங்கடா, நாளைக்கு லீவு எடுக்கணுமில்ல!" என்று ஒருத்தன் கத்த, பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். அன்றைக்கு அவன் பாதி இலையில் எழுந்தான். அதற்கும் சிரித்தார்கள்.

வருஷத்துக்கு இரண்டு மூன்று தடவை அது வந்தது. எப்போது வருகிறது என்று அவன் சீக்கிரமே கண்டுகொண்டான். கூழ் குடித்த நாளில் வந்ததே இல்லை. வயிறு நிறைய நெல்லுச் சோறு தின்று படுத்த மறுநாள்தான் வரும். உலகத்தில் எவனுக்கும் இல்லாத நோய்! எல்லோரும் தின்கிறார்கள், எல்லோரும் நடக்கிறார்கள். தனக்கு மட்டும் ஏன்? கூழுக்கென்றே பிறந்த உடம்பு, அதற்கு மேலே ஆசைப்பட்டால் தள்ளிவிடுகிறது என்றுதான் அவனுக்குத் தோன்றியது. இதைப் போய் யாரிடம் சொல்வது?

எழுபத்து நாலில் புள்ளலூர்ப் பக்கத்திலிருந்து ஜெயம்மாளைக் கட்டினான். மறு விருந்துக்கு மாமியார் வீட்டில் கோழி அடித்து, நெல்லுச் சோறு வடித்து, மாப்பிள்ளை மாப்பிள்ளை என்று பக்கத்திலேயே உட்கார்ந்து போட்டார்கள். வேண்டாம் என்றால் பெண்ணைப் பிடிக்கவில்லை என்று ஆகிவிடும். தின்றான். விடிந்தபோது மாமியார் வீட்டுப் பாயில் கட்டையாகக் கிடந்தான். மூத்திரம் முட்டுகிறது, எழுந்து போக முடியவில்லை. ஐயோ, அந்த அவமானத்தை என்னவென்று சொல்வது! மைத்துனன் அவனைக் குழந்தையைத் தூக்குகிற மாதிரி தூக்கிக்கொண்டு போய் வேலியோரம் பிடித்துக்கொண்டான்.

"இன்னா மாப்ளே, இன்னா ஆச்சு?" என்று மாமனார் பதறினார்.

எல்லப்பன் வாய்க்குள் சோறு என்ற சொல் வந்தது. தின்ற வீட்டிலேயே தின்றதால் விழுந்தேன் என்று சொல்வதா? சோத்துமூட்டை என்ற பேர் இங்கேயும் வந்து ஒட்டிக்கொள்ளவேண்டுமா? விழுங்கினான்.

"ராத்திரி கூட்டாளிங்களோட கொஞ்சம் சாராயம் மாமா. ஜாஸ்தியா பூட்ச்சு."

"அவ்ளோதானா! நான் இன்னாவோன்னு பயந்துட்டேன்" என்று மாமனார் சிரித்தே விட்டார். மதுவிலக்கு இருந்த காலம்தான், ஆனாலும் ஆம்பிளை குடிப்பான் என்பது எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. கதவோரம் வெந்நீர்ச் சொம்போடு நின்ற ஜெயம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. அவள் சொம்பைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போனாள்.

அன்றிலிருந்து அது சௌகரியமாகிவிட்டது. ஏன் விழுந்தாய்? சாராயம். ஏன் வேலைக்கு வரவில்லை? சாராயம். ஒரு தடவை மருந்து வாங்கப் போன இடத்தில் டாக்டர் கேட்டபோதும் அதையே சொன்னான். அவர் திட்டி, நாலு சத்து மாத்திரை கொடுத்து அனுப்பினார். பெண் குழந்தை பிறந்து பாஞ்சாலி என்று பேர் வைத்தார்கள். குடிகாரன் மகள் என்று அதையும் ஊர் கூப்பிட்டது. கேட்கும்போதெல்லாம் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நடந்துவிடுவான். வாயைத் திறக்கமாட்டான்.

எண்பத்து மூன்றில் சடையப்பனின் தாயார் காலமானார். அறுவடை முடிந்த கையோடு கருமாதி வந்தது. ஒரு வாரம் இடுப்பொடிய அறுத்துக் கட்டுச் சுமந்த உடம்பு. எல்லப்பன் அரை இலையோடு எழுந்துவிடுவது என்ற முடிவோடுதான் உட்கார்ந்தான். ஆனால் சடையப்பனே கரண்டியை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்கு வந்துவிட்டார்.

"எங்கம்மா கையால எவ்ளோ கூழு வாங்கிக் குடிச்சிருப்ப. அவங்க நெனப்புல வயிறார சாப்டுடா" என்றார். அவருக்குக் கண் கலங்கியிருந்தது.

ஆறு தரம் வாங்கினான். மேலே வடை, பாயசம். ருசியாக இருந்தது, அதையும் சொல்லவேண்டும்.

மறுநாள் உச்சிப் பொழுதாகியும் விரல் அசையவில்லை. எப்போதும் வருவதைவிடக் கடுமையாக இருந்தது. ஜெயம்மாள் நிலக்காரர் வீட்டுக்கு ஓடிப்போய் நிற்க, சடையப்பன் டிராக்டரில் டிரெய்லரை மாட்டி வைக்கோல் போட்டு அவனைக் கிடத்தி, செங்கல்பட்டு ரோட்டு மேல் இருந்த மிஷன் ஆஸ்பத்திரிக்கு அவரே ஓட்டிக்கொண்டு போனார். கெட்ட மனுஷர் இல்லை அவர். ஆனால் கட்டிலை விட்டு நகரவில்லை.

டாக்டரம்மாவுக்கு நாற்பது வயது இருக்கும். மூக்குக் கண்ணாடி. "என்னப்பா ஆச்சு? எப்பலேர்ந்து?" என்று கேட்டார்.

"குடிகாரப் பையம்மா. அப்பப்போ இப்டித்தான் வியுந்து கெடப்பான்" என்றார் சடையப்பன்.

"நான் அவனத்தான் கேட்டேன். நீ சொல்லுப்பா. குடிச்சியா?"

அந்தம்மா அவன் முகத்தைத்தான் பார்த்துக் கேட்டார். சொல்லியிருக்கலாம். ஆனால் கட்டிலின் மறுபக்கம் நேற்றுக் கண்கலங்கச் சோறு போட்டவர் நிற்கிறார். உங்கள் அம்மா கருமாதிச் சோறு என்னைச் சாய்த்துவிட்டது என்று அவர் எதிரே சொன்னால், செத்தவர் பேரில் பழி போட்ட மாதிரி. அதைவிட, ஆறு தரம் என்று சொல்லவேண்டும்.

"ஆமாம்மா. சாராயம்."

"எவ்ளோ?"

"ஜாஸ்திம்மா."

"காலைலேர்ந்து ஏதாவது சாப்பிட்டானா?" என்று ஜெயம்மாளைக் கேட்டார்.

"பச்சத் தண்ணி கூட குடிக்கலம்மா" என்றாள் அவள். அது உண்மைதான்.

டாக்டரம்மா அவன் முழங்காலில் சின்னச் சுத்தியால் தட்டிப் பார்த்தார். கால் துள்ளவில்லை. புருவத்தைச் சுருக்கினார். ஆனால் குடித்தேன் என்று நோயாளியே சொல்கிறான், வெறும் வயிறு, தெம்பு இல்லை. இரண்டு பாட்டில் ஏற்றச் சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

பாட்டில் இறங்க இறங்க எல்லப்பனுக்கு ஏதோ கோளாறாகப் பட்டது. கொஞ்சம் புரட்ட முடிந்த கழுத்து புரளவில்லை. இருமல் வந்தது, இருமத் தெம்பில்லை. வார்டு வேலையாள் தானியேல் இரண்டாவது பாட்டிலை மாட்ட வந்தான். அவனிடம், "இன்னாண்ணா இது?" என்று கேட்டான். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"குளுகோசுப்பா. சக்கரத் தண்ணி. தெம்பு வரும்" என்றான் தானியேல்.

சர்க்கரை! சோறு, பாயசம், இப்போது சர்க்கரைத் தண்ணீர். எல்லப்பன் படிக்காதவன்தான், ஆனால் பதிமூன்று வருஷம் இந்த உடம்புக்குள் கிடந்தவன். எது தன்னைச் சாய்க்குமோ அதையே ஊசி வழியாக உள்ளே விடுகிறார்கள் என்று அவனுக்குத் திக்கென்றது. சொல்லாவிட்டால் செத்துப்போவான். அது அவனுக்குப் புரிந்தது. புரிந்தும் வாய் வரவில்லை பாருங்கள், அப்படிப்பட்ட வெட்கம் அது.

பொழுது சாய்கிற நேரத்தில் டாக்டரம்மா வந்தார். மூச்சு மேலும் கீழுமாக இழுப்பதைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. குனிந்து அவன் வாயருகே முகர்ந்தார்.

"சாராய வாடையே இல்லையே. என்கிட்ட பொய் சொன்னியா?"

"அவுரு குடிக்கமாட்டாரும்மா" என்றாள் ஜெயம்மாள்.

எல்லோரும் திரும்பினார்கள். "இன்னாமே ஒளர்ற?" என்றார் சடையப்பன்.

"ஒம்போது வருசமா பக்கத்துல படுக்கறேன் ஆண்டே. வியுந்து கெடக்க சொல்லல்லாம் மோந்து மோந்து பார்ப்பேன். ஒரு நாளு வாடை வந்ததில்ல."

"அப்போ ஏம்மா நான் கேட்டப்ப சொல்லல?" என்று டாக்டரம்மா சத்தம் போட்டார்.

"அவுரே குடிச்சேன்றாரு. நான் போயி இல்லன்னா, நாலு பேரு எதிர்ல புருசன பொய்யன்னு சொன்ன மாதிரி ஆவாதா? காக்கா வலிப்ப மறைக்கிறாரோன்னு பயமா இருந்துச்சும்மா. வெளிய தெரிஞ்சா எம் பொண்ண எவன் கட்டுவான்?" என்று சொல்லி அழுதாள்.

ஒன்பது வருஷம் அவளும் வாயை மூடிக்கொண்டு, குடிகாரன் பெண்டாட்டி என்ற பேரைச் சுமந்திருக்கிறாள். எல்லப்பனுக்குக் கண்ணில் தண்ணீர் வழிந்தது. துடைக்கக் கை இல்லை.

"சோறும்மா" என்றான்.

"என்ன?"

"நேத்து... கருமாதி சோறு. ஆறு தரம் வாங்கித் தின்னேன். பாயசம். அதத் தின்னாத்தான் வருது."

"டேய்! எங்கம்மா கருமாதி சோத்துல வெஷமாடா வச்சிட்டோம்?" என்று சடையப்பன் எகிறினார். டாக்டரம்மா அவர் பக்கம் திரும்பி, "நீங்க வெளியே போய் இருங்க. இப்பவே" என்றார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு அவர் போனார். போகும்போது, "ஆறு தரமாம்" என்று யாரிடமோ சொன்னது உள்ளே கேட்டது.

டாக்டரம்மா சிரிப்பார் என்று எல்லப்பன் கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தான். சிரிக்கவில்லை. ஊசியை உருவினார். வேகமாகப் போய் ஒரு தடிப் புத்தகத்தோடு வந்தார். வெறும் கூழ் குடித்த நாளில் ஒரு தடவையாவது வந்திருக்கிறதா? கடுமையாக வேலை செய்து ஓய்ந்து படுத்த மறுநாளா? இனிப்பு தின்ற நாளா? அப்பனுக்கு இருந்ததா? காதை அவன் வாயருகே வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேட்டார். அவன் ஒவ்வொன்றாகச் சொன்னான். அவன் தின்ற சோற்றைப் பற்றி இவ்வளவு மரியாதையாக யாரும் கேட்டதில்லை.

உப்பும் கசப்புமாக ஒரு தண்ணி மருந்தை எலுமிச்சைச் சாற்றில் கலந்து, ஜெயம்மாள் கரண்டி கரண்டியாக ஊற்றினாள். அது வாந்தி வருகிற ருசி. காலையில் கட்டை விரல் அசைந்தது.

"எனக்கு ஒன் மேல கோவமா வருது. அதவிட என் மேல வருது, குடிச்சேன்னதும் மேல கேக்காம விட்டுட்டேன்" என்றார் டாக்டரம்மா. "இது லட்சத்துல ஒருத்தருக்கு வர்ற நோய். சோறும் இனிப்பும் ஜாஸ்தியானா ரத்தத்துல ஒரு உப்பு கொறஞ்சுபோய் கை கால் விழுந்துடும். நானே புக்ல படிச்சதோட சரி. இனிமே நீ போற எடத்துலயும் டாக்டருக்குத் தெரிஞ்சிருக்காது. நீதான் சொல்லணும். மொத நாள் என்ன சாப்பிட்டே, என்ன வேல செஞ்சே, எத்தன தடவ வந்துச்சு, எல்லாம். குளுகோஸ் ஏத்தாதீங்கன்னு நீயே சொல்லணும். இந்தச் சீட்டக் காட்டு."

"சொல்ல வெக்கமா கீதும்மா."

"இருக்கட்டும். வெக்கத்தோடவே சொல்லு."

ஊருக்குத் திரும்பியபோது அவனுக்கு முன்னாலேயே சேதி வந்துவிட்டிருந்தது. டிராக்டரில் வந்த சேதியாயிற்றே! குடிகாரன் என்ற பேர் போய்ப் பழைய சோத்துமூட்டை திரும்பி வந்தது. டாக்டர் சொன்ன நோய் என்று ஜெயம்மாள் தெருவில் நின்று விளக்கிப் பார்த்தாள். "சோறு தின்னா வர்ற நோயி எங்களுக்கும் வரக்கூடாதா" என்றார்கள். அதற்கப்புறம் எல்லப்பன் எந்தப் பந்திக்கும் போகவில்லை. பொங்கலன்றைக்குக்கூட ஒரு கைப்பிடிச் சோறு, அதையும் முதுகைத் திருப்பிக்கொண்டு தின்பான். சீட்டைப் பிளாஸ்டிக் பையில் சுருட்டி இடுப்பில் செருகி வைத்திருந்தான். யாரிடமும் காட்டவில்லை.

எண்பத்தெட்டு மாட்டுப் பொங்கல் காலையில் பாஞ்சாலி, "நைனா, கால் வரல" என்றாள். அவளுக்குப் பன்னிரண்டு வயது.

அவளைத் தோளில் போட்டுக்கொண்டு ரோட்டுக்கு ஓடி, பஸ் பிடித்து, மிஷன் ஆஸ்பத்திரிக்குப் போனான். டாக்டரம்மா மாற்றலாகிப் போய்விட்டிருந்தார். புதிதாக ஒரு சின்ன வயது டாக்டர் இருந்தார். வராந்தாவில் நாற்பது பேர் நின்றார்கள், அதில் அவன் ஊர்க்காரர்கள் நாலு பேர். வராந்தாவை ஒட்டியிருந்த கட்டிலில் கிடத்தச் சொல்லி, டாக்டர் பாஞ்சாலியின் கையைத் தூக்கிப் பார்த்தார். அது பொத்தென்று விழுந்தது.

"ரொம்ப வீக்கா இருக்கா. ஒரு குளுகோஸ் போடுங்க" என்றார்.

"வேணாம் சார்!" என்று எல்லப்பன் போட்ட சத்தத்தில் வராந்தாவே திரும்பிப் பார்த்தது. இடுப்பிலிருந்து பையை எடுத்தான். ஐந்து வருஷ வியர்வையில் சீட்டு மடிப்பு மடிப்பாகப் பிய்ந்து போயிருந்தது, மை கரைந்து ஒன்றும் படிக்க முடியவில்லை. முகம் கொதித்தது அவனுக்கு. முதுகுக்குப் பின்னால் நாலு பேர் நிற்பது தெரிந்தது. வெட்கத்தோடவே சொல்லு.

"எம் பொண்ணு நேத்து வயிறு நெறைய சோறு தின்னுச்சு சார். பொங்கலு. வெல்லம் போட்டது. எனக்கும் இப்டித்தான் சார். சோறு ஜாஸ்தியா தின்னா மறுநாளு கை கால் வியுந்துடும். நான் ஆறு தரம் வாங்கித் தின்னு, குடிச்சேன்னு பொய் சொல்லி, இந்தக் கட்டில்லதான் சாவக் கெடந்தேன். குளுகோசு ஏத்துனா மூச்சு நிக்கும் சார். உப்பு மருந்து ஒண்ணு கீது, அத்தக் குடுங்க."

பின்னால் ஒருத்தன் களுக்கென்று சிரித்தான். டாக்டர் சிரிக்கவில்லை. பாட்டிலைத் திரும்ப எடுத்துக்கொண்டு போகச் சொல்லிவிட்டுப் பேனாவைத் திறந்தார்.

"இவளுக்கு இது எத்தனாவது தடவ?"

"மொத தடவ சார்."

"இல்ல நைனா" என்றாள் பாஞ்சாலி. முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு சொன்னாள். அவளால் திருப்ப முடிந்தது அது ஒன்றுதான். "அஞ்சாவது."

"இன்னாமே சொல்ற? எப்போ?"

"பள்ளிக்கூடத்துல சத்துணவு ரெண்டு மூணு தட்டு வாங்கித் தின்ன மறுநாளு. ஜொரம்னு சொல்லிப் படுத்துக்கினேன்ல, அதெல்லாம் ஜொரம் இல்ல."

"ஏண்டி எங்கிட்ட சொல்லல?"

"உன்ன சிரிக்கிறாங்கல்ல நைனா."

எல்லப்பனுக்குத் தலை குனிந்துவிட்டது. சீட்டை இடுப்பிலே செருகிக்கொண்டு, முதுகைத் திருப்பிச் சோறு தின்ற ஐந்து வருஷமும் இந்தக் குழந்தை பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறது. வெட்கத்தோடவே சொல்லு என்று டாக்டரம்மா தனக்குச் சொன்னதை அவன் வாயைத் திறந்து மகளுக்குச் சொல்லவே இல்லை. நாற்பது பேர் எதிரே சொன்னபோது வந்த வெட்கம் ஒன்றுமே இல்லை இதற்கு முன்னால்.

கட்டிலோரம் உட்கார்ந்து அவளுடைய தொய்ந்த கையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டான்.

"நான் சொன்னா பத்தாதும்மா. உன் ஒடம்ப நீதான் சொல்லணும். மொத தடவ எப்போ வந்துச்சு, அன்னிக்கு இன்னா தின்ன, எவ்ளோ தின்ன, எல்லாம் சாருக்குச் சொல்லு."

"அவங்கல்லாம் நிக்கிறாங்க நைனா."

"நிக்கட்டும். நானும் இங்கதான் கீறேன்."

டாக்டர் பேனாவைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். பாஞ்சாலி மூக்கை உறிஞ்சினாள். பிறகு சுவரைப் பார்த்தபடியே, அழுதுகொண்டே, முதல் தடவையிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள்.